பாவித்த பைக் வாங்க: பல்சர் 220-ஆ, ஃபேசரா, நாலு சிலிண்டரா?

நான் கடைசியாகச் சொந்த மோட்டார் சைக்கிள் ஓடியது 2009 தொடக்கத்தில். ஹொண்டா எம்.டி. 90. யப்பானில் தபால் கொண்டுபோகவென்று செய்த சிவப்பு வண்டி. கையில் கிளச் கிடையாது, மூன்றே கியர், முன்பக்கம் மிதித்தால் ஏறும். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் கார்புரேட்டருக்குள் நாலு துளி பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் எடுத்து, மண்ணெண்ணெயில் மல்லாவி வரைக்கும் போய்வந்த வண்டி அது. எங்கே விட்டேன், எப்படி விட்டேன் என்பது இங்கே வேண்டாம். வன்னியில் என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் அப்படி விட்டுவந்த வண்டி ஒன்று இருக்கும்.

அதற்குப் பிறகு பதினாறு வருடம் பஸ்தான். ஊருக்குள் என்றால் மனைவியின் டியோ ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொள்வேன். ஐம்பத்தொரு வயதில் இடமாற்றம் வந்தது. கிளிநொச்சி வீட்டிலிருந்து புதுக்குடியிருப்புக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம், ஒருவழிக்கு 45 கிலோமீற்றர். பரந்தனால் திரும்பி ஏ35 வீதியில் விசுவமடு, உடையார்கட்டு தாண்டிப் போக வேண்டும்; கடைசி ஆறு கிலோமீற்றர் தார் போடாத கிரவல். பஸ்ஸை நம்பினால் முதல் பாடம் எடுக்க முடியாது. சனி ஞாயிறில் யாழ்ப்பாணத்தில் படிக்கும் மகளிடம், மாதத்தில் ஒருக்கால் வவுனியாவில் மாமியிடம், ஆவணியில் மடுவுக்கு. ஆகவே தினமும் ஓடக்கூடிய வண்டி வேண்டும், தூரமும் தாங்க வேண்டும். அதோடு, ஒளிப்பானேன், பார்க்க வடிவாகவும் இருக்க வேண்டும். இளவயதில் கிடைக்காத வடிவு.

கனடாவில் இருக்கும் என் மச்சானும் பிள்ளைகள் வளர்ந்த பிறகு திரும்ப ஓடத் தொடங்கியவன். அவன் எடுத்தது பாவித்த யமஹா எஃப்.ஜே.ஆர். 1300. 1298 சி.சி., நிறை கிட்டத்தட்ட 290 கிலோ, செயினுக்குப் பதில் ஷாஃப்ட். அங்கே ஸ்போர்ட்ஸ் டூரிங் என்றால் அதுதான். நாள் முழுக்க ஒரே வேகத்தில் போகும் நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் பெட்டி, பனிக்காலத்தில் மூடிவைக்க ஒரு கராஜ். "பெரிசா எடு மச்சான். சின்னனா எடுத்தா ஆறு மாதத்தில அலுத்துப் போயிடும்" என்பது அவனுடைய ஆலோசனை. அங்கே அது சரியாகவும் இருக்கலாம்.

இங்கே கணக்கு வேறு. மோட்டார் சைக்கிளுக்கு ஊர்மனைக்கு வெளியே மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50 என்பதுதான் இலங்கைச் சட்டம். அதிவேகப் பாதைகளில் எங்களை விடவே மாட்டார்கள். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி எவ்வளவு நேராகக் கிடந்தாலும் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் பொலிஸ் எந்த மரத்தடியில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே 140-இல் போகிற வண்டியா, 110-இல் போகிற வண்டியா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. 70-இல் ஒன்றரை மணி நேரம் போய் இறங்கினால் இடுப்பு என்ன சொல்கிறது, பிளக் போனால் ஒட்டுசுட்டானில் கிடைக்குமா, இரவு வீதியில் படுத்திருக்கும் மாடு எத்தனை அடி தள்ளித் தெரியும் என்பவைதான் என் கேள்விகள்.

கையில் இருந்தது ஆறு லட்சம். அதில் ஐந்தை வண்டிக்கும், மிச்சம் ஒன்றை ரயர், பற்றறி, செயின் செற், ஹெல்மெற், பெயர் மாற்றத்துக்கும் என்று பிரித்து வைத்தேன். பாவித்த வண்டி எடுக்கிறவர்கள் இந்தக் கடைசி லட்சத்தைத் தொடாமல் வைத்திருப்பது அருமை. நல்லதொன்றைப் பார்த்ததும் அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு மொட்டை ரயரில் மாரி காலம் முழுக்க ஓடுவார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025-இல் திரும்பத் திறக்கும் வரைக்கும் பாவித்த பைக்குகளின் விலை ஏறின ஏற்றத்தில், புதிதாக வாங்கிய விலையை விடக் கூடவைத்து விற்றவர்களும் உண்டு. இறக்குமதி திறந்த பிறகும் அந்த விலையை மறக்க விற்பவர்களுக்கு மனம் வரவில்லை. பேரம் பேசும்போது அதை மனதில் வைத்திருங்கள்.

தேடத் தொடங்கியபோது என் பட்டியலில் நாலு வண்டி இருந்தன. பல்சர் 220 எஃப், யமஹா ஃபேசர் 153 சி.சி., ஹொண்டா ஹோர்னெற் 250, டொமினார் 400. சுசுகி ஜிக்ஸர் எஸ்.எஃப். நல்ல வண்டி என்கிறார்கள். எங்கள் பக்கம் விற்பனைக்கு வந்த இரண்டையும் நான் போக முன்பே கொண்டுபோய்விட்டார்கள். அதனால் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

முதலில் 220. சின்ன வயதில் எனக்குப் படம் ஒட்டிவைக்க ஆசை வந்திருக்கக்கூடிய வண்டி. முன்னுக்கு அரை மூடி, நடுவில் புரொஜெக்டர் விளக்கு, பெற்றோல் டாங்கிக்கு 15 லீற்றர் பிடிக்கும், 21 குதிரைச் சக்தி, முன்னும் பின்னும் டிஸ்க் பிறேக். சாமானுக்குக் கவலையே இல்லை. பரந்தன், மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று நாலு கடை உள்ள எந்தச் சந்தியிலும் பல்சருக்கு ஏதோ ஒரு சாமான் தொங்கும். கிளச் கேபிள் அறுந்தால் அடுத்த சந்தி வரைக்கும் தள்ளினால் போதும். வன்னியில் இதை விடப் பெரிய தகுதி ஒரு வண்டிக்கு இல்லை.

பரந்தன் பக்கம் ஒரு பெடியன் விற்கிறான் என்று கேள்விப்பட்டுப் போன் எடுத்தேன். "பத்து மணிக்கு வாங்கோ அண்ணை" என்றான். ஒன்பதேகாலுக்கே போய் நின்றேன். மாமரத்தடியில் கழுவித் துடைத்து நிற்கிறது வண்டி. கதைத்துக்கொண்டே எஞ்சின் பக்கத்தில் புறங்கையை வைத்தேன். சுட்டது.

"காலமை கடைக்குப் போனனான்" என்றான்.

பின் ரயரின் வெட்டுகளுக்குள் கழுவிய தண்ணி இன்னும் காயாமல் நின்றது. ஒரு பொட்டுச் செம்மண் இல்லை. வாசலிலிருந்து வீதி வரைக்கும் நூறு மீற்றர் கிரவல். கடைக்குப் பறந்துதான் போயிருக்க வேண்டும்.

"தம்பி, நாளைக்கு வாறன். நான் வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதையும்."

பாவித்த வண்டி பார்க்கிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. இரவு முழுக்க ஆறிய எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் எடுக்க வேண்டும். தேய்ந்த றிங், இறுக்கம் போன வால்வு, சாகக்கிடக்கும் பற்றறி, அடைத்த கார்புரேட்டர் எல்லாம் சூட்டில் ஒளிந்துகொள்ளும். அடுத்த நாள் காலை அந்த வண்டி ஐந்தாவது முறைதான் பிடித்தது. பிடித்ததும் சைலன்சரால் நீலப் புகை, எஞ்சினுக்குள் உடைந்த வளையலைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். வண்டியைச் செய்தவர்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. ஒயில் அளக்கும் கண்ணாடியில் தார் நிறத்தில் அரைக்கால் பங்குதான் தெரிந்தது. "எப்ப மாத்தினது?" என்று கேட்டால் "இப்பத்தான்" என்கிறான்.

சரி, வந்ததுக்கு ஒருக்கால் ஓடிப் பார்ப்போம் என்று வாங்கி ஏ9-இல் ஆனையிறவுப் பக்கம் விட்டேன். ஹாண்டில் இரண்டு துண்டாகக் கீழே இருக்கிறது. உடம்பு முன்னுக்குச் சாய்கிறது. பத்து நிமிடம் சுகம், இருபதாவது நிமிடம் மணிக்கட்டு கதைக்கத் தொடங்கும். எஞ்சின் அந்தக் கோலத்திலும் இழுத்தது. மூன்றாம் கியரில் நல்ல வேகம் வந்ததும் நாலுக்குப் போட முன்பக்கத்தை மிதித்தேன். எம்.டி. 90-இன் பழக்கம்! இந்த வண்டிகளில் ஒன்று கீழே, மிச்சமெல்லாம் மேலே. முன்னால் மிதித்தால் இறங்கும். மூன்றிலிருந்து இரண்டுக்கு விழுந்து, பின் சில்லு ஒரு கத்துக் கத்தி அரை முழம் பக்கத்துக்குப் போனது. பின்னால் பஸ் ஏதும் வரவில்லை. அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

நான் பார்த்த நாலு வண்டிக்கும் கியர் ஒரே மாதிரித்தான். ஆகவே இது தெரிவுக்கான காரணமில்லை. ஆனால் பழைய ஹொண்டாவில் பழகிய கால் உள்ளவர்கள் வாங்குவதற்கு முன்னமே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த ஒருவன் இப்போது கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கிறான். அவனுடைய 150 சி.சி. வண்டியை வாங்கி மூன்று ஞாயிறு காலை இரணைமடுக்குப் போகும் வீதியில் கியர் மட்டும் பழகினேன். வீட்டில் மாமாவின் பழைய 100 சி.சி. சும்மாதான் நின்றது. ஆனால் அதுவும் முன்னால் மிதிக்கிற வண்டி. அதில் பழகியிருந்தால் பழைய பிழை இன்னும் ஊறியிருக்கும்.

ஹோர்னெற்றைப் பார்க்கப் போகும்போது மனைவியிடம் "சும்மா பாக்கத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே ஒரு பதில்தான்.

250 சி.சி.யில் நாலு சிலிண்டர். ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பை அளவு. 40 குதிரைச் சக்தி, அது முழுதாக வருவது எஞ்சின் நிமிடத்துக்கு 14,000 சுற்றுச் சுற்றும்போது. சிவப்புக் கோடு 16,000-இல் தொடங்குகிறது. பின் ரயர் 180 அகலம், காரின் ரயர் போல. இருக்கை தாழ்வு, என் கட்டையான காலுக்கு இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பட்டது. திரும்ப ஓடத் தொடங்குகிறவனுக்கு அது பெரிய தைரியம். அந்தச் சத்தத்தை எழுத முடியாது. 6,000-இல் தையல் மிஷின், 10,000-இல் ஏதோ திறந்துகொள்கிறது, அதற்கு மேலே நான் போகவில்லை. போயிருந்தால் வாங்கியிருப்பேன்.

இறங்கி நின்று யோசித்தபோதுதான் மற்றது தெரிந்தது. இந்த ஹோர்னெற்றை ஹொண்டா 1996 முதல் 2007 வரைக்கும்தான் செய்தது. ஆக இளைய ஹோர்னெற்றுக்கும் பதினெட்டு வயது தாண்டிவிட்டது. நாலு சிலிண்டருக்கு நாலு கார்புரேட்டர். நாலும் ஒரே அளவில் மூச்சு விடும்படி ஒத்துப்போகச் செய்ய வேண்டும். அதற்குரிய அளவுக் குழாய் வைத்திருக்கும் கராஜ் கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்து இல்லை. என் மாணவன் நேராகவே சொன்னான். "சேர், செய்யலாம். ஆனா காதால கேட்டுத்தான் செய்வன்." சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். வரும் வரைக்கும் வண்டி திண்ணையில், நான் பஸ்ஸில். நண்பகல் பன்னிரண்டுக்கு கரடிப்போக்குச் சந்தியில் ரெயில் கடவை மூடி ஐந்து நிமிடம் நின்றபோது, இரண்டு தொடைக்கும் நடுவில் அடுப்பு வைத்த மாதிரி இருந்தது. வைகாசி வெயிலில் எப்படி இருக்கும் என்று யோசிக்கவே விருப்பமில்லை.

பெற்றோலையும் பாருங்கள். ஹோர்னெற் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் அளவில் தரும், ஃபேசர் 40 அளவில். 2022 ஓகஸ்ற்றில் பெற்றோலைப் பங்கிட்டுத் தரும் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அதை இன்று திரும்பக் கொண்டுவந்தால் ஃபேசரில் 160 கிலோமீற்றர் போகலாம், ஹோர்னெற்றில் 80. என் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் போய்வரவே 90 வேண்டும். "அதெல்லாம் முடிஞ்ச கதை" என்றார் ஹோர்னெற்றை விற்க நின்றவர். மண்ணெண்ணெயில் ஓடியவனுக்கு எந்தத் தட்டுப்பாடும் முடிந்த கதையாகத் தெரிவதில்லை.

அந்த ஹோர்னெற்றை உண்மையில் கைவிடவைத்தது பேப்பர்தான். பதிவுப் புத்தகம் குருநாகல்காரர் ஒருவரின் பெயரில் இருந்தது. அவர் கையெழுத்து வைத்த மாற்றப் படிவங்கள் மூன்று கை மாறி இவரிடம் வந்திருக்கின்றன. வாங்கியவரின் பெயர் எழுதும் இடம் வெறுமை. இதைத்தான் ஓப்பின் பேப்பர் என்கிறோம். வன்னியில் ஓடும் யப்பான் வண்டிகளில் இது சாதாரணம். "ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை, நானும் நாலு வருசம் இப்பிடித்தான் ஓடினனான்" என்பார்கள். ஓடலாம்தான். ஆனால் படிவத்தில் கையெழுத்து வைத்தவர் காலமாகிவிட்டால், அல்லது புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று ஒரு லீசிங் கொம்பனியின் பெயர் இன்னும் கிடந்தால், உங்கள் காசு போன இடம் தெரியாது. முந்தியவர்களில் யாராவது அந்த வண்டியில் செய்த காரியத்துக்கு நீங்கள் பொலிஸில் போய் நிற்க வேண்டியும் வரும். பார்க்க வேண்டியவை இவ்வளவுதான். புத்தகம் விற்பவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். அவருடைய அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். லீசிங் முடிந்திருந்தால் புத்தகத்தில் அந்தப் பெயர் நீங்கியிருக்க வேண்டும். "கடிதம் இருக்கு" என்றால் கடிதத்தைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் நம்பரையும் சேஸி நம்பரையும் கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள். வருடாந்த வரிப்பத்திரம் எத்தனை வருடம் கட்டாமல் கிடக்கிறது என்றும் கேளுங்கள். கட்டாததை நீங்கள்தான் கட்ட வேண்டிவரும்.

டொமினாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 373 சி.சி., தண்ணியால் குளிரும் எஞ்சின், சில்லு இறுகிச் சறுக்காமல் பிடிக்கும் ஏ.பி.எஸ். பிறேக். நாலிலும் தூரப் பயணத்துக்கு உண்மையில் ஏற்றது அதுதான். காசும் என் கணக்கைப் போல இரண்டு மடங்கு. மச்சான் மிச்சத்தை அனுப்புகிறேன் என்று சொன்னான். அவன் காசில் வாங்கினால் ஒவ்வொரு வீடியோ அழைப்பிலும் வண்டியைக் காட்ட வேண்டிவரும், அது வேறு கதை. நிறை 182 கிலோ. புதுக்குடியிருப்புப் பக்கம் நண்பர் ஒருவரின் டொமினாரை அவருடைய முற்றத்தில் திருப்பப் போனேன். வெள்ளை மணல். முன் சில்லு புதைந்தது. நான் காலை ஊன்றின இடமும் புதைந்தது. வண்டி மெல்லப் படுத்தது, மாடு படுக்கிற மாதிரி. தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதில் ஒருவர் நான் இல்லை. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏ9-இலேயே ஏறி ஏ9-இலேயே இறங்குகிறவர்கள், காசும் இருந்தால், வேறொன்றும் யோசிக்காமல் டொமினாரை எடுக்கலாம். என் வேலை கிரவலில் முடிகிறது.

மிஞ்சியது ஃபேசர். உண்மையைச் சொன்னால் பட்டியலில் அதைச் சேர்த்ததே எண்ணிக்கைக்காகத்தான். 14 குதிரைச் சக்தி. 220-க்கு முன்னால் வைத்தால் கூச்சப்பட்டு நிற்கும். பின்னுக்கு டிஸ்க் இல்லை, டிரம் பிறேக். ஏ9-இல் இரவு பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் ஒரு கியர் இறக்கி, முன்னால் அரைக் கிலோமீற்றர் வெறுமையா என்று பார்த்துத்தான் போக வேண்டும். எண்பதுக்கு மேலே கேட்டால் தரும், ஆனால் முனகிக்கொண்டு.

ஆனால் நிமிர்ந்து இருக்கலாம். அகலமான ஒரே ஹாண்டில், கை தோளுக்கு நேரே வருகிறது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போய் இறங்கி, முதுகை வளைக்காமல் மகளின் விடுதிப் படிகளில் ஏறினேன். நிறை 141 கிலோ. மணலில் புதைந்தாலும் நானே பின்னுக்கு இழுத்து எடுக்கலாம். முன்னால் உள்ள மூடி சின்னதுதான், ஆனால் ஆனையிறவிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் சோளகக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அந்தச் சின்னது நல்லது. முழுதாக மூடிய வண்டியைக் காற்று பாய் மரம் மாதிரிப் பிடித்துத் தள்ளும். நெஞ்சில் அடிக்கும் காற்றை மூடி தடுக்கும். பக்கத்துக் காற்றை வண்டி தானாக வழிவிட்டு அனுப்பும். பின் ரயர் 140 அகலம், கிரவலில் 220-ஐ விட மனம் நிம்மதியாக இருந்தது. இருக்கை ஒரே துண்டு. மனைவி சாறியோடு பக்கவாட்டில் ஏறி இருந்து பார்த்துவிட்டு, "இதில விழமாட்டன்" என்றாள். 220-இன் உயர்ந்த பின் இருக்கையைப் பார்த்து அவள் சொன்னதை எழுதவில்லை.

விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வன்னியில் இரவில் ஆளை விழுத்துவது வேகமில்லை, மாடு. மழை விட்ட இரவுகளில் தார் வீதி சூடாக இருக்கும், மாடுகள் அதில் வந்து படுக்கும். கறுப்பு மாடு, கறுப்புத் தார், கண் மட்டும் மினுங்கும், அதுவும் உங்கள் பக்கம் திரும்பியிருந்தால்தான். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் சேர்ந்துகொள்ளும். 220-இன் புரொஜெக்டர் தூரத்துக்கு நல்ல வெளிச்சம், ஆனால் வெளிச்சம் முடியும் இடத்தில் கோடு போட்டது போல இருட்டு. ஃபேசரின் இரட்டை விளக்கு அவ்வளவு தூரம் போகாது, அகலமாக விழும். வீதியோரப் பற்றைக்குள் நிற்கும் மாடு தெரிகிறது. இரண்டையும் ஒரே இரவில் முறிகண்டிக்கு அங்கால் ஓடிப் பார்த்தேன், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் ஒரு பை வாங்கிக்கொண்டு. அகலம்தான் எனக்குச் சரியாகப் பட்டது. கண் பழைய கண் இல்லை.

ஃபேசரில் கார்புரேட்டர் உள்ள பழைய 153 சி.சி., இன்ஜெக்‌ஷன் உள்ள பிந்திய 149 சி.சி. என்று இரண்டு வரும். பிந்தியது காலையில் சிணுங்காமல் பிடிக்கும், பெற்றோலும் கொஞ்சம் மிச்சம். நான் பழையதை எடுத்தேன். வெள்ளத்தண்ணி கலந்த பெற்றோல் போனால் கார்புரேட்டரை வீதியோரத்தில் கழற்றி ஊதிப் பூட்டலாம்; இன்ஜெக்‌ஷனை ஊத முடியாது. இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். வாங்கோ.

எந்த வண்டியை எடுத்தாலும் எங்கள் மண்ணுக்கென்று பார்க்க வேண்டியவை சில உண்டு. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ வண்டி வெள்ளத்துக்குள் நின்றன. கழுவித் தேய்த்து விற்றால் வெளியில் தெரியாது. விளக்குக் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய சேற்றுக் கோடு, இருக்கைக்குக் கீழே வயர்களின் இணைப்பில் பச்சை படிந்த செப்பு, எயர் ஃபில்டர் பெட்டியின் அடியில் காய்ந்த வண்டல் இவை காட்டிக்கொடுக்கும். கரையோர வண்டி என்றால் பின்பக்கச் சேஸியைக் கீழே குனிந்து பாருங்கள். மீன்பெட்டி கட்டிய வண்டியில் கரியர் ஒட்டிய வெல்டிங் தழும்பும், உப்புத் தின்ற ஆணிகளும் இருக்கும். நெல்மூட்டை சுமந்து பின் சொக் அப்சோர்பர் போன வண்டியைப் பின்னால் அமத்தி விட்டால் உடனே நிற்காமல் மேலும் கீழும் ஆடும். மீற்றரில் 28,000 என்று காட்டும். கால்மிதியின் றப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மீற்றரை நம்பாதீர்கள், றப்பரை நம்புங்கள். ரயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் கிழமையில் செய்தது. வெட்டு ஆழமாக இருந்தாலும் பத்து வருட ரயர் ஈர வீதியில் சோப்புக் கட்டிதான்.

என்னுடையது ஓமந்தையில் கிடைத்தது. விற்றவர் ஒரு கிராம அலுவலர். வண்டியைக் காட்ட முன்னமே பாடசாலைக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஒயில் மாற்றிய திகதி, மீற்றர் எண், விலை, ஒவ்வொரு வரியாக, நீல மையில். இடையில் ஒரு பக்கத்தில் பேரப்பிள்ளை கிறுக்கிய யானை. எஞ்சின் குளிர்ந்து கிடந்தது. இரண்டாவது முறையில் பிடித்தது. அவர் சொன்ன விலை நாலே முக்கால். நான் நாலரை கேட்டேன். "தம்பி, கொப்பிக்குக் கால் லட்சம் தரலாம்" என்றார். கொடுத்தேன். அன்றே இருவருமாகப் படிவம் நிரப்பினோம். பிறகு ஒதுக்கி வைத்த லட்சத்தில் இரண்டு ரயர், செயின் செற், பற்றறி, முழு முகம் மூடும் ஹெல்மெற் ஒன்று, மனைவிக்கு இன்னொன்று. காலாவதியான அனுமதிப்பத்திரத்தையும் மருத்துவச் சான்றிதழ் எடுத்துப் புதுப்பித்துக்கொண்டேன். காப்புறுதி மூன்றாம் தரப்புத்தான் போட்டிருக்கிறேன். விழுந்தால் என் செலவு என்று தெரிந்துதான் போட்டேன்.

மச்சானுக்குப் படம் அனுப்பினேன். "இது என்ன, சைக்கிளா?" என்று பதில் வந்தது. அங்கே பனி கொட்டுகிறதாம், எஃப்.ஜே.ஆர். பங்குனி வரைக்கும் மூடிக் கிடக்குமாம்.

பரந்தனில் அந்த 220 இன்னும் விற்கவில்லை என்று என் மாணவன் சொன்னான். விலையையும் இறக்கிவிட்டானாம். எஞ்சினைப் பிரித்துச் செய்யிற காசை அதிலேயே குறைக்கச் சம்மதித்தால் 220 தேடுகிறவர்களுக்கு அது மோசமான பேரமில்லை. சேஸி நேராகத்தான் இருக்கிறது, புத்தகமும் அவன் பெயரில்தான். சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் போங்கள்.